வெங்காயத் தாளை மிதிக்கச் சொல்கிறவர்களே, கொஞ்சம் நில்லுங்கள்!

வணக்கம் மக்களே! வெங்காயம் எடுத்தாகிவிட்டது. இதோ, கேமராவுக்குக் கிட்டே பிடிக்கிறேன். தாளும் காயும் சேர்கிற இந்தக் கழுத்தைப் பாருங்கள். அமுக்கினால் சப்பையாக, ஒரு சொட்டு ஈரம் இல்லாமல் இருக்கிறது. இதற்காகத்தான் இவ்வளவு நாளும் பொறுமையாக இருந்தேன்.

போன வீடியோவில், "தாளை மிதித்து விடுங்கள், காய் பெருக்கும்" என்று எத்தனை பேர் எழுதியிருந்தீர்கள்! கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒவ்வொரு இலையின் அடிப்பாகமும்தான் உள்ளே ஓர் அடுக்கு. இலை பச்சையாக இருக்கும்வரை அது சமைக்கிற சத்து கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். அதைப் போய் மிதித்தால் காய் எப்படிப் பெருக்கும்? கழுத்து நசுங்கி, அழுகல் உள்ளே புக வழிதான் கிடைக்கும். முற்றினால் தாள் தானாகவே சாயும். பாதிக்கு மேல் சாய்ந்ததும் பக்கத்தில் மண்ணை நெம்பிவிட்டுத் தூக்குங்கள். பிடித்து இழுக்காதீர்கள்.

அட, தண்ணீரைச் சொல்லவே இல்லையே! தாள் சாயத் தொடங்கியதுமே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும்.

எடுத்த பிறகு கழுவவே கூடாது. நிழலில், காற்றோட்டமாக, 2 முதல் 3 வாரம் பரப்பி வையுங்கள். மேல்தோல் சரசரவென்று சத்தம் போட வேண்டும்... கேட்கிறதா? இருங்கள், மைக்கிடம் கொண்டு வருகிறேன். ஆ! இந்தச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்பேன்.

இப்போது என் வெங்காயச் சடை. நைலான் கயிற்றில் தாள் நிற்காது, வழுக்கும். எனக்கு அது ஆகவே ஆகாது. சணலையும் தாளோடு சேர்த்துப் பின்னினேன். ஆட்டிப் பாருங்கள், ஒன்றாவது விழுகிறதா? திருப்பிக் காட்டுகிறேன். இந்தப் பக்கமும் அழகு!

சடையில் எல்லாவற்றையும் சேர்த்துவிடாதீர்கள். கழுத்து தடித்தது, அடிபட்டது, பூத்தண்டு விட்டது மூன்றும் தாங்காது, முதலில் சமையலுக்குத்தான். பூத்தண்டு விட்டதில் நடுத்தண்டு கட்டையாக இருக்கும், அதை எடுத்துவிட்டால் மற்றது நன்றாகவே இருக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கிறவர்கள் தயவுசெய்து வேண்டாம், வியர்த்து அழுகிவிடும். உருளைக்கிழங்கோடும் சேர்த்து வைக்க வேண்டாம்.

காரம் எப்படி என்று கேட்பீர்கள். கண் எரிந்தது, அப்படி எரிந்தது! அந்த எரிச்சல் வாயுவை உண்டாக்கும் நொதியை 2002-இல்தான் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். குளிரவைத்து, கூரான கத்தியால் நறுக்கினால் எரிச்சல் குறையும். பொதுவாகக் காரமான ரகம்தான் அதிக நாள் தாங்கும், இனிப்பு ரகம் சீக்கிரம் கெடும். அதனால் நான் அழுததில் எனக்குச் சந்தோஷம்தான்.

அப்புறம், தடித்த கழுத்துக்காரர்களை எல்லாம் வாணலியில் போட்டிருக்கிறேன். பத்து நிமிடத்தில் பழுப்பாகிவிடும் என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். சிறுதீயில் முக்கால் மணி நேரமாவது ஆகும். இன்னும் பாதிதான் ஆகியிருக்கிறது, நான் போய்க் கிளறுகிறேன். வரட்டுமா!