இறக்கத்தில் பார்த்த வண்டி

வணக்கம் நேயர்களே. ஹட்டனில் 31 வருடமாகக் கராஜ் நடத்துகிறேன். வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து, "பாஸ், நம்ம ரோட்டுக்கு எந்த ஜீப் வாங்கலாம்?" என்று கேட்பார்கள். 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிட்ட பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது. விலையோ வரியோடு சேர்ந்து எங்கேயோ நிற்கிறது. ஒரு குடும்பம் பல வருடம் சேர்த்த காசு, பிழையான வண்டியில் போய்விடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்டு. அந்தக் கவலையோடுதான் இன்று பேசுகிறேன்.

ஒரே ஒரு வண்டியை எடுத்துக்கொள்கிறேன். சுசுகி ஜிம்னி. 1970இல் 360 சிசி எஞ்சினோடு பிறந்த சின்ன ஜீப் அது. நான் சொல்லப்போவது அதன் நான்காவது தலைமுறை. 2018 ஜூலையில் யப்பானில் வெளிவந்தது. 1500 சிசி பெற்றோல் எஞ்சின், கையால் போடும் 5 கியர்.

இது என் வண்டி இல்லை. பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தின் மேல் டிவிஷனில் வீடு கட்டிக்கொண்டு இருக்கும் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவருடையது. வெளிநாட்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் புறப்பட்டபோது சாவியை என் கையில் தந்தார். "தம்பி, மூணு மாசம் சும்மா நிக்க வேணாம். ஒன் வீட்டு வண்டி மாதிரி ஓட்டு. நான் வந்ததும் நல்லது கெட்டதை ஒளிக்காம சொல்லு" என்றார். ஜூன் தொடங்கி ஓகஸ்ட் வரை, தென்மேற்குப் பருவமழை கொட்டும் காலம் முழுக்க ஓட்டினேன். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட, சந்தைக்குப் போக, உதிரிப்பாகம் வாங்கக் கொழும்புக்கு, வாரம் இரண்டு தடவை அதிபர் வீட்டுக்கு மேலே.

வண்டியைப் பார்ப்பவர்கள் எல்லாரும் "எப்படி ஏறும்?" என்றுதான் கேட்கிறார்கள். நான் இறக்கத்தில் வைத்துப் பார்ப்பவன். அதற்குக் காரணம் உண்டு. என் அப்பா கொழுந்து லொறி ஓட்டினார். எனக்கு 22 வயதில், கராஜுக்கு வந்த ஒரு பழைய ஜீப்பை ஓட்டிப் பார்க்கிறேன் என்று ஒரு தோட்டத்தின் மேல் கணக்கில், அதாவது மேல் டிவிஷனில் இருந்து இறங்கினேன். மூன்றாவது கியரில், காலை பிரேக்கிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். நாலாவது முடக்கில் கருகல் வாசம் அடித்தது. ஐந்தாவது முடக்கில் பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்து, குழாய்க்குள் ஆவி நின்றுவிட்டது. ஒரு பக்கம் பள்ளம். மறுபக்கத்து மண்மேட்டில் ஜீப்பைச் சாய்த்துத்தான் நிறுத்தினேன். அப்பா வந்து பார்த்தார். ஏசவில்லை. சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறிக்கொண்டு, "எந்த கியர்ல ஏறுவியோ அதுக்கும் கீழ ஒரு கியர்ல எறங்கு" என்று மட்டும் சொன்னார்.

அதிபரின் வண்டியை முதல் வாரமே கினிகத்தேனைப் பக்கம் கொண்டுபோனேன். ஹட்டனில் இருந்து கித்துல்கலைக்கு இறங்கும் ஏ7 பாதையை உங்களுக்குத் தெரியும். ஒரு முடக்கு முடிவதற்குள் அடுத்தது வரும். மழை, மூடுபனி, எதிரே பஸ். இந்த வண்டியின் பாரம் 1100 கிலோ சொச்சம்தான். இரண்டு தொன்னை நெருங்கும் டபுள் கேப் பிக்கப்பை ஓட்டிப் பழகியவனுக்கு அந்த வித்தியாசம் காலிலேயே தெரியும். இரண்டாவது, மூன்றாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. முடக்குக்கு முன்னால் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். பின் சக்கரத்துக்கு, சூடு சீக்கிரம் ஆறாத டிரம் பிரேக்தான். ஆனாலும் கீழே வந்து இறங்கி நாலு சக்கரத்தையும் மோந்து பார்த்தேன். கருகல் இல்லை.

ஏற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். கடல் மட்டத்தில் இந்த எஞ்சின் 102 குதிரைவலு தரும். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காற்றை அமுக்கித் தள்ளும் டர்போ இல்லாத எஞ்சினுக்கு மூச்சும் அந்த அளவு குறையும். காகிதத்தில் உள்ள 102, நுவரெலியாவில் 80 சொச்சம்தான். நாலு பேரோடு றம்பொடை ஏறும்போது இரண்டாவது கியரில் பொறுமையாகத்தான் போக வேண்டும். வான்காரர் பின்னால் ஹோர்ன் அடிப்பார், வழிவிட்டுவிட்டுப் போகலாம்.

இனி அதிபர் வீட்டுப் பாதைக்கு வருகிறேன். பிரதான வீதியில் இருந்து 7 கிலோமீற்றர். முதல் மூன்றில் கொங்கிரீட் போட்டிருக்கிறார்கள். மிச்சம் வெள்ளைக்காரன் காலத்துக் கரத்தை ரோடு. கல் அடுக்கிய பாதை. மேலே இருந்த மண்ணை மழை கொண்டுபோய்விட்டது. கல் எல்லாம் பல்லுப் போல நீட்டிக்கொண்டு, பாசி பிடித்து நிற்கும். ஒரு பக்கம் கான், மறுபக்கம் தேயிலை. தேயிலைக்குக் கீழே எதுவும் தெரியாது, மூடுபனி மட்டும்.

ஜூலையில் ஒரு விடியற்காலை, இரவு முழுக்கப் பெய்த மழைக்குப் பிறகு அந்த வழியே இறங்கினேன். தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் வண்டியை முழுசாக நிறுத்தி, கிளட்சை மிதித்து, சின்ன லீவரை 4எல்லுக்கு இழுத்தேன். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும், அதோடு எல்லா கியரும் ஏறக்குறைய இரண்டு மடங்கு தாழும். அதுதான் 4எல். முதலாவது கியரைப் போட்டுவிட்டு இரண்டு காலையும் எடுத்துத் தரையில் வைத்துக்கொண்டேன். மனிதன் மெதுவாக நடக்கும் வேகத்தில் வண்டி தானாக இறங்கியது. எஞ்சின் ஒரே சுருதியில் முனகும் சத்தமும், டயருக்குக் கீழே கல் புரளும் சத்தமும் தவிர வேறு சத்தமே இல்லை. கொழுந்துக்குப் போகும் பெண்கள் மூன்று பேர் படங்கைச் சுற்றிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். அவர்களை முந்தவும் இல்லை, நெருங்கவும் இல்லை. அவர்கள் நடையே என் வேகம்.

பாதி வழியில் மழைத்தண்ணி ரோட்டைக் குறுக்காக அறுத்து வைத்திருந்தது. முன் இடது சக்கரம் இறங்கியதும் பின் வலது சக்கரம் அந்தரத்தில் தூக்கிக்கொண்டது. இப்படியான நேரத்தில் சாதாரண வண்டியின் வலு முழுவதும், தூக்கிய சக்கரம் வழியே வீணாகப் போய்விடும். இதில் 4எல்லில் இருக்கும்போது, சும்மா சுற்றும் சக்கரத்தை வண்டியே பிரேக் பிடித்து, வலுவை மறு சக்கரத்துக்குத் தள்ளுகிறது. கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது, மெல்ல ஏறி வெளியே வந்துவிட்டது. வயிறு கல்லில் இடிபடவில்லை. தரைக்கும் வண்டிக்கும் 210 மில்லிமீற்றர் இடைவெளி இருக்கிறது.

அதற்கு அடுத்ததுதான் எங்கள் ஊரில் எல்லாரும் பயப்படும் முடக்கு. அந்த இடத்தில் எனக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முந்தி, ஒரு பிள்ளைத்தாய்ச்சியை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு டபுள் கேப்பை எடுத்துக்கொண்டு இரவில் மேலே போனேன். இறங்கும்போது அந்த முடக்கில் ஒரே ஒடியில் திரும்பவில்லை. முன்னால் போய், பின்னால் எடுத்து, மறுபடி முன்னால். மூன்று தடவை. பின்னால் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணின் மாமியார் டோர்ச்சைப் பிடித்துக்கொண்டு ரோட்டு ஓரத்தில் நின்று, "இன்னும் ஒரு சாண் இருக்குப்பா, வா... போதும், போதும்" என்று கத்தினார். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனாலும் அந்த ஒரு சாணை நான் மறக்கவில்லை.

டபுள் கேப்புக்குத் திரும்ப ஏறக்குறைய 6 மீற்றர் ஆரம் வேண்டும். இந்த வண்டிக்கு 4.9 மீற்றர். அகலம் 1645 மில்லிமீற்றர். அன்று விடியற்காலை அந்த முடக்கில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தேன். ஒரே வீச்சில் திரும்பி, கானுக்கும் எனக்கும் இடையில் இரண்டு முழம் மிச்சம் இருந்தது. வண்டியை நிறுத்தி இறங்கிப் போய் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலையகத்துக்கு வண்டி தேடுபவர்கள் குதிரைவலுவைக் கேட்பதற்கு முன்னால் இந்த 4.9ஐக் கேட்க வேண்டும். என் தீர்ப்பு இதுதான்.

ஆனால் அன்றாடப் பாவனைக்கு வரும்போது இதே சின்ன உடம்பு இடைஞ்சலாகிவிடுகிறது. மொத்தம் நாலு பேருக்குத்தான் இருக்கை. ஆள் ஏறும் கதவு இரண்டே இரண்டு; மூன்றாவது, பின்னால் சாமான் வைக்கும் கதவு. பின்னால் உட்கார, முன் இருக்கையைச் சாய்த்து நுழைய வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது தண்டனை. பின் இருக்கை நிமிர்ந்திருந்தால் சாமான் வைக்க 85 லீற்றர் இடம். ஒரு 12.5 கிலோ காஸ் சிலிண்டரை அங்கே நிறுத்த முடியாது, ஆழம் போதாது. இந்தியாவில் 2023இல் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு ஜிம்னியில் 208 லீற்றர் இருக்கிறது; ஆனால் அது நீளமான வண்டி, அந்த முடக்கு அதற்கு வேறு கதை. 2018இல் ஐரோப்பிய மோதல் சோதனையில் இந்த மூன்று கதவு வண்டிக்குக் கிடைத்தது ஐந்தில் 3 நட்சத்திரம். சின்னப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தினமும் நெடுஞ்சாலையில் போகிற குடும்பம் இதை யோசிக்க வேண்டும். எங்கள் ஏற்ற இறக்கத்தில் எனக்குக் கிடைத்தது லீற்றருக்கு 10, 11 கிலோமீற்றர். 2022இல் பெற்றோல் வரிசையில் இரவெல்லாம் நின்ற நமக்கு அந்தக் கணக்கும் முக்கியம்.

இனி, வாங்கியவர்கள் செய்யும் பிழைகள். காய்ந்த தார் ரோட்டில் நாலு சக்கர ஓட்டத்தைப் போடாதீர்கள். இந்த வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் டிஃபரன்ஷியல், அதாவது இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பற்சக்கர அமைப்பு கிடையாது. முடக்கில் முன் சக்கரம் பெரிய வட்டமும் பின் சக்கரம் சின்ன வட்டமும் போகும். இரண்டையும் இறுக்கிக் கட்டிவிட்டால் அந்த வித்தியாசம் போக இடமில்லை. சேறும் கல்லும் என்றால் டயர் கொஞ்சம் வழுக்கி விட்டுக்கொடுக்கும். தாரில் விட்டுக்கொடுக்காது, ஸ்டியரிங் கல்லாகிவிடும், பற்சக்கரம் தேயும். "நாலு சக்கரமும் பிடிச்சா பாதுகாப்புதானே பாஸ்" என்று சொல்லிக்கொண்டு நுவரெலியா வரை அப்படியே ஓட்டிப் போனவர்களின் வண்டியை நான் பிரித்திருக்கிறேன்.

அடுத்தது டயர். பார்க்க அழகாக இருக்கிறது என்று பெரிய டயரை மாட்டி, பலன்ஸ் பண்ணாமல் விடுகிறார்கள். முன்னாலும் ஒரே தண்டாக அச்சு உள்ள ஜீப்புகளுக்கு ஒரு குணம் உண்டு. டயர் பலன்ஸ் பிழைத்தாலோ, சக்கரம் திரும்பும் மூட்டில் பேரிங் தேய்ந்தாலோ, நேர்ப்பாதையில் ஒரு சின்னக் குழியில் விழுந்ததும் ஸ்டியரிங் இடமும் வலமுமாக உதறத் தொடங்கும். பயந்து திருப்பாதீர்கள், நேராகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு கராஜுக்கு வாருங்கள். இந்த வண்டிக்கு 195 அகலத்தில் 15 அங்குல டயர்தான் வருகிறது. ஒல்லியான டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே உள்ள கல்லைப் பிடிக்கும். அப்படியே விடுங்கள்.

காட்டுப்பாதை ஓட்டம் என்று இளைஞர்கள் புறப்படுகிறார்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் ஹோட்டன் சமவெளியும் நக்கிள்ஸும் சிவனொளிபாதமலைக் காடும் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தவை. புல்வெளியில் ஒரு சக்கரத்தடம் விழுந்தால் அடுத்த மழைக்கு அது கானாகிவிடும், அதற்கடுத்த மழைக்குச் சரிவாகிவிடும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மண் எப்படி இறங்கும் என்று நம் சனம் உயிரைக் கொடுத்துப் பார்த்துவிட்டது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றால், தோட்டத்தில் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு கரத்தை ரோட்டில் ஓட்டுங்கள். ஓடை குறுக்கிட்டால் முதலில் இறங்கி ஒரு கம்பை விட்டுப் பாருங்கள். 30 சென்ரிமீற்றருக்கு மேல் தண்ணி என்றால் திரும்பிவிடுங்கள்.

செப்டெம்பரில் அதிபர் வந்தார். சொன்னதெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "எல்லாம் சரி தம்பி. மேல லயத்துல யாருக்காவது முடியாமப் போனா? ஒரு ஆளைப் படுக்க வச்சுக் கொண்டுபோக முடியுமா இதுல?" என்று கேட்டார். டபுள் கேப்பை விட்டு இதை வாங்கியது பிழையோ என்ற யோசனை அவருக்கு.

இடது பக்கத்து முன் இருக்கையில் தலைவைக்கும் மெத்தையைக் கழற்றினேன். இருக்கையை முன்னால் தள்ளி, முதுகை முழுக்கப் பின்னால் சாய்த்தேன். அது பின் இருக்கையோடு போய்ச் சேர்ந்து ஒரே நீளமாகிவிட்டது. நடுவில் இருந்த பள்ளத்தில் ஒரு கம்பளியை மடித்து வைத்தேன். அதிபரின் மனைவி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஏறிப் படுத்துப் பார்த்தார். "கால் நீட்ட எடமிருக்கு" என்றார். "அப்படியே இருங்கம்மா" என்று சொல்லிவிட்டு 4எல்லைப் போட்டேன். அதிபர் பின்னால் குந்திக்கொண்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். அந்த முடக்கையும் தாண்டி, கொங்கிரீட் ரோடு வரைக்கும் நான் பிரேக்கைத் தொடவில்லை.