முதலாளி யாரென்று தெரியாத தொழிலாளிக்கு யார் பொறுப்பு?

நேயர்களுக்கு வணக்கம்.

தொழிலாளிக்கும் முதலாளிக்கும் நடுவே அரசு எவ்வளவு தூரம் நுழையலாம் என்ற கேள்வி எழும்போதெல்லாம் நாம் ஆலைகளை மனத்தில் வைத்துக்கொண்டே பேசுகிறோம். ஆலையில் வருகைப் பதிவேடு உண்டு, வருங்கால வைப்பு நிதி உண்டு, தகராறு வந்தால் யார்மீது வழக்குத் தொடுப்பது என்பதும் தெரியும். ஆனால் இந்நாட்டில் உழைத்துப் பிழைப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவர்களில் கட்டடத் தொழிலாளியை இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்கிறேன். அரசின் பங்கைப் பற்றிய வாதங்கள் அத்தனையும், இரு தரப்பு வாதங்களுமே, அவர் விஷயத்தில் சோதிக்கப்பட்டுவிட்டன.

காலை ஏழு மணிக்கு நம் நகரங்களின் ஏதேனும் ஒரு நாற்சந்தியில், கரண்டியும் ரசமட்டமும் துருத்திக்கொண்டிருக்கும் பையோடு கொத்தனார்களும், தூக்குவாளியோடு சித்தாள்களும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். மேஸ்திரி வந்து, "ரெண்டு பெரியாள், மூணு சித்தாள்" என்று கேட்டு அழைத்துப் போவார். இன்று ஒரு வீட்டில் கான்கிரீட், நாளை வேறெங்கோ ஒரு கடையில் பூச்சு வேலை. சாரம் சரிந்து அவர்களில் ஒருவர் விழுந்தால் அவருடைய முதலாளி யார்? மேஸ்திரியா, மேஸ்திரிக்கு வேலை கொடுத்த துணை ஒப்பந்தக்காரரா, பொறியாளரா, வீட்டுக்காரரா? ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டுவார்கள். ஒவ்வொருவர் சொல்வதிலும் கொஞ்சம் நியாயமும் இருக்கும்.

இந்தச் சிக்கலுக்கு முதலில் விடை தேடியவர்கள் மூட்டை தூக்குபவர்கள். மகாராஷ்டிரத்தில் 1969-இல் இயற்றப்பட்ட மாத்தாடித் தொழிலாளர் சட்டம், வணிகர்கள் கூலியையும், அதன்மேல் லெவி என்னும் கூடுதல் கட்டணத்தையும் இதற்கென அமைந்த வாரியத்திடம் கட்டவேண்டும், வாரியம் தொழிலாளிக்குப் பட்டுவாடா செய்யவேண்டும் என்று வகுத்தது. கேரளம் 1978-இல் சுமைத் தொழிலாளர்களுக்குச் சட்டம் செய்தது. தமிழ்நாட்டில் 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன்கீழ்க் கட்டடத் தொழிலாளர் நலவாரியம் அமைய 1994 வரை, அதாவது பன்னிரண்டு ஆண்டுகள், சங்கங்கள் போராடிக் காத்திருக்க வேண்டியிருந்தது. 1996-இல் மத்தியச் சட்டமும் வந்து, கட்டுமானச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாயைச் செஸ் என்னும் தனிநோக்க வரியாக வசூலிப்பது நாடு முழுவதற்கும் விதியானது.

இந்த ஏற்பாட்டின் சூட்சுமம், முதலாளி யாரென்று தேடுவதை அது விட்டுவிட்டதில் இருக்கிறது. தொழிலாளி இடம் மாறுவார், மேஸ்திரி காணாமல் போவார், ஆனால் கட்டடம் எங்கும் ஓடிவிடாது. ஆகவே வரைபட அனுமதிக்கு விண்ணப்பிக்கும் இடத்திலேயே பணத்தை வாங்கிவிட்டால், அந்தக் கட்டடத்தில் யார் யார் செங்கல் சுமந்தார்கள் என்று பின்னால் துப்பறிய வேண்டியதில்லை. 2025 நவம்பர் வரை, முப்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு இது முப்பதாயிரமாக இருந்தது. அத்தகைய வீட்டின் வாசற்கதவுக்கே சிலர் இதைவிடக் கூடுதலாகச் செலவழிக்கிறார்கள். பிள்ளைகளின் கல்வி உதவி, விபத்து நிவாரணம், அறுபது வயதுக்குப் பின் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் மாத ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு இந்தப் பணமே அடிப்படை. இதை அரசு கொடுக்கும் இலவசம் என்று பேசுகிறவர்களைக் கேட்கும்போது எனக்கு வியப்பாக இருக்கிறது. ஆலைத் தொழிலாளிக்கு முதலாளி கட்டும் வைப்பு நிதிப் பங்கை யாரும் இலவசம் என்று சொல்வதில்லை. இதுவும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான், வேறு வாசல் வழியாக வருகிறது, அவ்வளவே.

எதிர்வாதங்களில் ஒன்று சந்தை சார்ந்தது. செஸ் போட்டால் கட்டடச் செலவு கூடும், அதை ஈடுகட்டக் கூலி குறையும், ஆகவே கையில் முழுக் கூலியைக் கொடுத்துவிட்டால் தொழிலாளியே தனக்கு வேண்டிய காப்பீட்டை வாங்கிக்கொள்வார் என்பது அதன் சாரம். காகிதத்தில் இது சரியாகத்தான் படுகிறது. ஆனால் நாற்சந்தியில் நடக்கும் பேரம் அன்றைய கூலியைப் பற்றியது மட்டுமே. முப்பது ஆண்டு கழித்து வரப்போகும் முதுமைக்காக அங்கே பேரம் பேசுகிறவரை மேஸ்திரி விட்டுவிட்டு அடுத்தவரை ஏற்றிக்கொண்டு போய்விடுவார். தமிழ்நாட்டில் கொத்தனார் கூலி கணிசமாக உயர்ந்திருப்பது உண்மை. அதனால் எந்தக் கொத்தனாருக்கும் ஓய்வூதியம் தானாக வந்து சேர்ந்துவிடவில்லை.

மற்றொரு எதிர்வாதம் எனக்கு இதைவிட வலுவாகத் தோன்றுகிறது: அரசு நல்ல காப்பாளன் இல்லை என்பது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது, இந்நிதியிலிருந்து தொழிலாளர்களுக்குப் பணம் அனுப்புமாறு மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. அப்போது நாடு முழுவதும் சேர்ந்திருந்த தொகை சுமார் 52,000 கோடி ரூபாய் என்றும், பதிவு பெற்ற தொழிலாளர்கள் ஏறத்தாழ 3.5 கோடி பேர் என்றும் அமைச்சகமே தெரிவித்தது. அவ்வளவு பணம் செலவாகாமல் கிடந்ததைச் சிக்கனம் என்று சொல்லிவிட முடியாது. இந்நிதியிலிருந்து மடிக்கணினியும் துணி துவைக்கும் இயந்திரமும் வாங்கப்பட்ட கதையெல்லாம் உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்கே வந்தது. 2018-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் அரசுகளின் அலட்சியத்தை நீதிமன்றம் கடுமையாகச் சாடியது.

வாரிய அலுவலக வாசலில் நின்று பார்த்தால் இன்னும் பல தெரியும். பதிவுக்கும் புதுப்பித்தலுக்கும் கட்டட வேலை செய்கிறார் என்ற சான்று வேண்டும். அதற்காக ஒரு சித்தாள் இரண்டு நாள் கூலியை இழந்து நடப்பார். சிமென்டும் சுண்ணாம்பும் தின்று ரேகை தேய்ந்த விரலை, கைரேகை இயந்திரம் மூன்று முறை துடைத்து வைத்தாலும் ஏற்காது. அந்தத் தேய்ந்த விரலைக் காட்டிலும் நல்ல சான்று எது இருக்க முடியும்? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து சென்னையின் அடுக்கு மாடிகளைக் கட்டுகிறவர்களின் நிலை இன்னும் மோசம். அவர்கள் கட்டும் கட்டடத்துக்கும் செஸ் வசூலாகிறது, அவர்களில் பலருக்கோ வாரியம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. இந்தக் குறைகளைக் காட்டி வாரியத்தையே கலைத்துவிடலாம் என்பவர்கள், பணத்தை மீண்டும் எந்த வாசலில் வசூலிப்பார்கள் என்பதைச் சொல்வதில்லை.

இப்போது அந்த வாசலே குறுகுகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில், சமூகப் பாதுகாப்புத் தொகுப்பின்படி, சொந்தக் குடியிருப்புக்காகக் கட்டும் வீட்டுக்கான செஸ் விலக்கு வரம்பு 10 லட்சத்திலிருந்து 50 லட்ச ரூபாயாக உயர்கிறது. செஸ்ஸைக் கணக்கிடும் பொறுப்பும் கட்டுபவரின் சுயமதிப்பீட்டுக்கு விடப்படுகிறது. வீடு கட்டும் நடுத்தரக் குடும்பத்துக்கு இது நிம்மதிதான், மறுக்கவில்லை. ஆனால் சிறு நகரங்களிலும் கிராமங்களிலும் கட்டப்படும் வீடுகளில் பெரும்பகுதி இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். நாற்சந்தியில் நிற்பவருக்கு வேலை கிடைப்பது பெரும்பாலும் அத்தகைய வீடுகளில்தான். சலுகையின் விலையை அவர் தலையில் ஏற்றிவிட்டு அதைச் சீர்திருத்தம் என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

செயலி வழியே உணவும் பொருளும் கொண்டுவந்து தரும் இளைஞர்கள் விஷயத்தில் இதே கேள்வி மறுபடி எழுந்திருக்கிறது. அதே தொகுப்பு, நிறுவனங்கள் தங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 விழுக்காடு கட்டவேண்டும் என்கிறது. அது தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 விழுக்காட்டைத் தாண்டாது. ராஜஸ்தான் 2023-இலும், பின்னர்க் கர்நாடகமும், ஒவ்வொரு பரிவர்த்தனையின் மீதும் கட்டணம் விதிக்கும் வழியைத் தேர்ந்தன. தமிழ்நாடு 2023 இறுதியில் இவர்களுக்கென வாரியம் அமைத்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின்சார ஸ்கூட்டர் வாங்க ஆளுக்கு 20,000 ரூபாய் மானியமும் அறிவித்தது. மானியத்தை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது கருவூலத்திலிருந்து வருவது, அடுத்த ஆண்டு அறிக்கையில் இல்லாமலும் போகலாம். 1994-இல் கட்டடத் தொழிலாளிக்காக வரைபட அனுமதி மேசையைக் கண்டுபிடித்த அதே அரசு, செயலியின் ஒவ்வொரு ஆர்டரிலும் அப்படியொரு மேசையைச் சட்டப்படி போடவேண்டும். செலுத்த வேண்டியவர்கள் இம்முறை பெயரும் முகவரியும் தெரிந்த நிறுவனங்கள் என்பதால், வேலை முன்னைவிடச் சுலபமானதும்கூட.

வணக்கம்.