கல்லூரியில் பாட்டு வருமா?

நடுவர் அவர்களே, எதிரணியில் மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்களே, பந்தலுக்கு வெளியே நின்றுகொண்டே கேட்கும் பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"இசைக் கலைஞரை உருவாக்குவது குருவின் வீடா, கல்லூரி வகுப்பறையா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அண்ணன் மிருதங்கம் வாசிப்பவர். கை பேசுகிற மாதிரியே வாயும் பேசுகிறது. "நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை எந்தக் காலேஜில் பி.ஏ. மியூசிக் படித்தார்?" என்று கேட்டு, மிருதங்கத்தில் முத்தாய்ப்பாக வாசிக்கிற மாதிரி ஒரு தீர்மானமும் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். பதில் கையில் இருக்கிற தைரியம்தான்!

அண்ணே, ராஜரத்தினம் பிள்ளை பட்டம் படிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பெரிய பாடகர்களுக்கு வருவோம். முசிறி சுப்பிரமணிய அய்யர் படித்தாரா? இல்லை. செம்மங்குடி? இல்லை. டைகர் வரதாச்சாரியார்? தண்டபாணி தேசிகர்? யாரும் இசையில் பட்டம் வாங்கி மேடையேறியவர்கள் இல்லை. ஆனால் மேடையேறிய பிறகு அவர்கள் என்ன செய்தார்கள்? அதை அண்ணன் வசதியாக விட்டுவிட்டார். 1949இல் சென்னையில் கர்நாடக இசைக்கென்று அரசு ஒரு கல்லூரி தொடங்கியது. முதல் முதல்வர் யார்? முசிறி. திருவனந்தபுரத்தில் 1939இல் தொடங்கிய இசைக் கல்லூரிக்கு முதலில் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், அவருக்குப் பின் செம்மங்குடி. சிதம்பரம் இசைக் கல்லூரியில் டைகர் முதல்வராக இருந்தார். பின்னாளில் அதே இடத்தில் தேசிகர் இசைத்துறைக்குத் தலைமை வகித்தார். கச்சேரிக்குப் பஞ்சமில்லாதவர்கள், வீடு தேடிச் சீடர்கள் வந்து நின்றவர்கள், எதற்காக வருகைப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள்? வீடு மட்டும் போதாது என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. அண்ணன் பக்கம் நிற்க வேண்டிய இத்தனை சாட்சிகளும் கட்சி மாறி எங்கள் பக்கம் வந்து உட்கார்ந்துவிட்டார்கள், நடுவர் அவர்களே!

இப்போது குருவின் வீட்டுக்கே போவோம். போக முடியுமா என்பதுதான் என் கேள்வி. அந்த வாசலில் யாரை உள்ளே விட்டார்கள்? சொந்தக்காரப் பையனை, தெரிந்தவர் சிபாரிசு செய்த பையனை. பையனை என்றுதான் சொல்கிறேன், கவனியுங்கள். பெண் பிள்ளையைப் பத்து வருஷம் அடுத்தவர் வீட்டில் தங்கிப் பாட்டுக் கற்றுக்கொண்டு வா என்று அனுப்பிய அப்பா அந்தக் காலத்தில் எத்தனை பேர்? நாதஸ்வரமும் தவிலும் அப்பாவிடமிருந்து மகனுக்கு, மாமாவிடமிருந்து மருமகனுக்கு என்று சில குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. அந்தக் குடும்பங்கள் அந்தக் கலையைக் காப்பாற்றின, அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அந்தத் தெருவில் பிறக்காத பிள்ளை எங்கே போகும்?

கல்லூரிக்குப் போகும். விண்ணப்பத்தில் "அப்பா வித்வானா?" என்று ஒரு கட்டம் கிடையாது. சாதிக்கு ஒரு கட்டம் இருக்கிறதே என்று எதிரணியில் யாரோ முணுமுணுக்கிறார்கள். இருக்கிறது ஐயா. அது உள்ளே விடுவதற்காகக் கேட்கிற கட்டம், வாசலில் நிறுத்துவதற்காக இல்லை! (மணி அடிக்காதீர்கள் நடுவர் அவர்களே, கைதட்டு நேரத்தைக் கழித்துக்கொள்ள வேண்டும்.) 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி வைத்தார். சென்னை ராணி மேரி கல்லூரி பெண்களுக்காக 1914இல் வந்தது. பேராசிரியர் சாம்பமூர்த்தி அங்கே இசை கற்பித்தார். காலையில் போய்ப் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம் என்றதும் அப்பாக்கள் பயமில்லாமல் சம்மதித்தார்கள்.

கடல் தாண்டியும் வந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் தலைமன்னாரில் கப்பலேறி, தனுஷ்கோடியில் இறங்கி, ரயில் பிடித்துச் சிதம்பரம் வந்து படித்தார்கள். ஊர் திரும்பியபோது பெயருக்கு முன்னால் "சங்கீத பூஷணம்" என்ற பட்டம் இருந்தது. பிறகு யாழ்ப்பாணத்து மருதனார்மடத்திலேயே இராமநாதன் நுண்கலைக் கழகம் வந்தது. 1975இல் அது, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமாக இருக்கும் வளாகத்தோடு சேர்ந்தது.

அடுத்த குற்றச்சாட்டுக்கு வருகிறேன். "முக்கால் மணி நேரப் பீரியடில் தோடி ராகம் வருமா?" என்று கேட்டார் அண்ணன். வராது. ஆனால் அண்ணே, குரு வீட்டில் வெந்நீர் போட்டு, வேட்டி துவைத்து, சந்தையில் கத்தரிக்காய் வாங்கி வந்த நேரத்திலும் தோடி வரவில்லை! அங்கேயும் பாடம் கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் கேட்டுக் கேட்டு வருகிற கேள்வி ஞானமும், பாடிப் பாடிப் பழகுகிற சாதகமும். சாதகத்தைக் கல்லூரி தடுக்கவில்லையே. ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். வேறு வேறு சுருதியில் பாட வேண்டிய பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்காரவைத்து ஒரே சுருதியில் பாடச் சொல்கிறார்கள். அது தொண்டைக்குச் செய்கிற அநியாயம். வகுப்பைப் பிரித்து ஆசிரியர்களைக் கூட்டினால் தீர்கிற குறை அது.

ஆனால் குரு வீட்டுக் குறை அப்படித் தீராது. பைரவி ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பி.ஏ. படிக்கிற பிள்ளை பைரவி அட தாள வர்ணம் என்ற உருப்படியைச் செய்முறைத் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் முன்னால் இரண்டு காலத்தில், அதாவது இரண்டு வேகத்தில், பாட வேண்டும். அந்த வர்ணம் குரு வீட்டிலும் உண்டு. மேளம் என்றால் தாய் ராகம், ஜன்யம் என்றால் அதில் பிறந்த ராகம், தைவதம் என்றால் 'த' என்ற ஸ்வரம்; அதில் சுத்தம் தாழ்ந்தது, சதுஸ்ருதி உயர்ந்தது. அதே பிள்ளை ஒருநாள் கேட்கும்: "பைரவி 20ஆவது மேளமான நடபைரவியின் ஜன்யம் என்கிறீர்கள். நடபைரவியில் சுத்த தைவதம் மட்டும்தானே? ஏறும்போது சதுஸ்ருதி தைவதம் எங்கிருந்து வந்தது?" குரு வீட்டில் இதற்கு என்ன பதில்? பெரும்பாலும், "அதிகப்பிரசங்கி, பாடுடா!" கல்லூரியில் இந்தக் கேள்வியே பாடம். 72 மேளம் என்ற கணக்கை இசை நூலாசிரியர் வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் எழுதி வைத்தார். பைரவி அதற்கு முன்பே பாடப்பட்ட ராகம். கணக்கு பின்னால் வந்தது, பாட்டு முன்னால் வந்தது. அதனால்தான் பைரவி கட்டத்துக்குள் அடங்காமல் ஒரு தைவதத்தை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. தேவாரத்தின் கௌசிகம் என்ற பழைய பண்ணை ஓதுவார்கள் இன்று பைரவியில் பாடுகிறார்கள் என்பதும் அதே வகுப்பில் தெரியவரும். அடுத்த முறை அந்தப் பிள்ளை அந்தத் தைவதத்தைத் தொடும்போது காரணம் தெரிந்து தொடும். போதாக்குறைக்கு, ஒரே கீர்த்தனையை மூன்று ஆசிரியர்கள் மூன்று பாடாந்தரத்தில், அதாவது மூன்று வழிவந்த பாணியில், பாடிக்காட்டுவார்கள். "எங்க வாத்தியார் பாடினதுதான் சரி, மத்ததெல்லாம் தப்பு" என்று சபா கேன்டீனில் சண்டை போடுகிற ஆள் ஒருவர் குறைவார்.

சோற்றுப் பிரச்சினையும் இருக்கிறது. கச்சேரி எல்லாருக்கும் கிடைக்காது. கேந்திரிய வித்யாலயாவில் இசை ஆசிரியர் வேலைக்குப் போய், "நான் இன்னாருடைய நேரடிச் சிஷ்யன்" என்று சொல்லிப் பாருங்கள். இசையில் பட்டம் எங்கே என்பார்கள்.

நேரமாகிவிட்டது என்று நடுவர் பார்க்கிறார். ஒரே ஒரு கேள்வி. ஏதோ ஒரு கிராமம். அப்பா லோடு வண்டி ஓட்டுகிறார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார். வீட்டில் யாருக்கும் சுருதிப் பெட்டி எப்படி இருக்கும் என்றுகூடத் தெரியாது. கோயில் திருவிழாவில் கேட்டதிலிருந்து அந்த வீட்டுப் பெண்ணுக்கு நாதஸ்வரத்தின் மேல் பைத்தியம். பிளஸ் டூ முடித்துவிட்டு நிற்கிறாள். அரசு இசைக் கல்லூரி வேண்டாம் என்கிற எதிரணி, அவளை எந்தக் குருவின் வீட்டுக்கு அனுப்பப்போகிறது? அடுத்துப் பேச வரும் அண்ணன் அந்த வீட்டு முகவரியைச் சொல்லிவிட்டுத் தன் பேச்சைத் தொடங்கட்டும். எழுதிக்கொள்ள நான் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.