தேர் போகும் பக்கமே இழுக்க வேண்டும்

வணக்கம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தவர்களைக் கேட்டால் முதலில் அந்த டங் டங் சத்தத்தைத்தான் சொல்வார்கள். நான் பேச வந்தது சத்தமே போடாத ஒன்றைப் பற்றி. அந்தக் குழாயின் உறைக்குப் பின்னால், நம்மைச் சுற்றிலும் ஒரு செம்புக் காயில், அதாவது வானொலி அலையை அனுப்பும் கம்பி அமைப்பு, இருக்கிறது. அதுவும் ஒரு வானொலி நிலையம்தான். ஸ்கேனரின் காந்த பலத்தை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். பண்பலை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை என்றால், 1.5 டெஸ்லா ஸ்கேனர் ஏறக்குறைய 64-லும், 3 டெஸ்லா ஸ்கேனர் 128-லும் ஒலிபரப்புகிறது. நேயர், நம் உடம்புத் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன்.

என் அம்மாவுக்கு முதுகு ஸ்கேன் எடுத்தபோது வெளியே வந்ததும், "வெயில்ல உக்காந்த மாதிரி இருந்துச்சுப்பா" என்றார். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் நான் அதை மறக்கவே இல்லை. காயிலுக்குக் கொடுக்கிற மின்சாரத்தில் பெரும்பங்கு உடம்பிலும் செம்பிலும் சூடாகத்தான் போகிறது. சாதாரணமாக, உடம்பு முழுவதற்கும் சராசரியாக கிலோவுக்கு 2 வாட் வரைதான் அனுமதி. அதைத் தாண்டும் போலிருந்தால் ஸ்கேனை மெதுவாக்க வேண்டும், நோயாளி கூடுதல் நேரம் படுத்திருக்க வேண்டும்.

சரி, சூட்டை எப்படிக் குறைப்பது? சித்திரைத் தேரோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாசி வீதிகளில் பாதிப் பேர் தேர் போகும் பக்கமும், மீதிப் பாதி எதிர்ப்பக்கமாகவும் வீதி சுற்றினால் என்ன ஆகும்? எல்லோருக்கும் வியர்க்கும், வடத்துக்குக் கிடைப்பது பாதிக் கைகள்தான். ஒரே இடத்தில் மின்சாரம் ஊட்டிய காயில் அப்படித்தான். அதன் அலையில் பாதி வலமாகவும் பாதி இடமாகவும் சுற்றுகிறது, ஹைட்ரஜனோ ஒரு பக்கச் சுற்றுக்கு மட்டுமே மசியும். பறவைக்கூண்டு போலக் கம்பி வைத்த காயிலில், கால் சுற்று தள்ளி இரண்டாவது இடத்திலும் ஊட்டி, அந்த அலையை ஓர் அலைச் சுற்றில் கால் பங்கு தாமதமாக அனுப்பினால், மொத்தக் கூட்டமும் தேர்ப்பக்கம் திரும்பிவிடும். அதே வேலை, பாதி மின்சாரம். மறுபடியும் சொல்கிறேன், பாதி! உடம்பில் இறங்கும் சூடும் ஏறக்குறைய பாதி. 3 டெஸ்லாவில் அதே படத்துக்கு 1.5-ஐவிட ஏறக்குறைய நான்கு மடங்கு சூடு ஏறுவதால், இந்தப் பாதி எனக்குப் பெரிய விஷயம்.

ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் காட்டுகிறார்கள். காயிலுக்கும் அதைச் சுற்றியுள்ள உலோக உறைக்கும் இடையே எவ்வளவு இடைவெளி விடுவது என்பது தனிக்கதை, முட்டிக்கு மட்டும் சின்னக் காயில் வைப்பது இன்னொன்று. அப்புறம், ஸ்கேனுக்குப் போகிறவர்களுக்கு ஒன்று: உள்ளே கைகளைக் கோத்துக்கொள்ளாதீர்கள், அந்த வளையத்தில் மின்சாரம் ஓடித் தோல் சுடலாம். எங்கேயாவது சூடு தெரிந்தால் கையில் கொடுத்திருக்கிற ரப்பர் பந்தை உடனே அழுத்துங்கள்.