பல்லி வளர்க்குமுன் வெயிலைப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ராமநாதபுரம் கரையில் கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடா நாடுகளில் ஆள் இல்லாத வீடு குறைவு. அங்கிருந்து லீவுக்கு வருகிற பிள்ளைகள் போனைத் திறந்து படம் காட்டுகிறார்கள். கண்ணாடித் தொட்டிக்குள் மஞ்சள் உடம்பும் கரும்புள்ளியுமாக ஒரு பல்லி சொகுசாகப் படுத்திருக்கிறது. பார்த்த தம்பிமார் நேரே என்னிடம் வந்துவிடுகிறார்கள். "டாக்டர், இத நம்ம ஊர்ல வளக்கலாமா?" அதோடு விடுவதில்லை. குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்பார்கள். "ஒரு உடும்புக் குட்டி கெடைக்கிது, அது வளந்துருமா?"

உடும்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி அது. கடல் பசுவும் அதே அட்டவணைதான். பிடித்தாலும் சரி, கறிக்கு அடித்தாலும் சரி, குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. 2001-ல் கடல் அட்டைக்குத் தடை வந்த பிறகு கோர்ட் படி ஏறி இறங்கியவர்கள் நம் கரையில் நிறையப் பேர். அவர்களிடம் கேட்டால் மீதியைச் சொல்வார்கள். உடும்பு ரத்தம் குடித்தால் இடுப்பு வலுக்கும், எண்ணெய் தடவினால் மூட்டு வலி போகும் என்பதெல்லாம் விற்கிறவன் கட்டிய கதை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். மழை விழுந்ததும் கரையான் புற்றிலிருந்து வெளியே வருகிற உடும்புக் குஞ்சு, புள்ளியும் பட்டையுமாகப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஒரு செருப்பு டப்பாவில் அடங்கிவிடும். வளர்ந்தால் தலையிலிருந்து வால் நுனி வரை ஒரு மீட்டரைத் தாண்டும், சில உடும்புகள் ஒன்றே முக்கால் மீட்டரையும் தொடும். நாளெல்லாம் உடைமரக் காட்டிலும் கண்மாய்க் கரையிலும் நாக்கை நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே அலைகிற ஜீவன் அது. வண்டு, நண்டு, எலி, முட்டை, செத்தது சிதைந்தது எல்லாம் தின்னும். அதை நாலடிக் கூண்டில் போட்டால் மூக்கைக் கம்பியில் தேய்த்துத் தேய்த்தே புண்ணாக்கிக்கொள்ளும். வெளிநாட்டில் சவானா உடும்பு என்ற ஆப்பிரிக்க இனத்தை வளர்க்கிறார்கள். அங்கேயும் பெரும்பாலானவை ஓடியாட இடமில்லாமல் கொழுத்துப் போய் ஆயுசு முடியுமுன் செத்துப்போகின்றன. உங்கள் கோழிக்கூட்டில் உடும்பு புகுந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாலால் அடிக்கும், நகத்தால் கீறும். கையால் பிடிக்கப் போகாதீர்கள்.

சரி, தொட்டிப் பல்லிக்கு வருவோம். படத்தில் பார்த்தது பெரும்பாலும் லெப்பர்ட் கெக்கோ, அதாவது சிறுத்தைப் பல்லி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், நம் நாட்டின் வடமேற்கு ஓரம் என்று கல்லும் வறட்சியுமான நிலம் அதன் சொந்த ஊர். நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, கண்ணை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். இதற்கு இமை உண்டு, நம்மைப் போல் கண்ணை மூடித் தூங்கும். பாதத்தில் ஒட்டும் பட்டை இல்லாததால் கண்ணாடியில் ஏறாது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருஷம் இருக்கும். பத்தாவது படிக்கிற பையன் கேட்கிறான் என்று வாங்கிக் கொடுத்தால், அவன் வேலைக்குப் போய்க் கல்யாணமும் ஆன பிறகு அதற்குப் பூச்சி போடப்போவது அவன் அம்மாதான்!

வாங்குமுன் அது எங்கே பிறந்தது, பில் உண்டா என்று கேளுங்கள். வனவிலங்கு வியாபாரம் பற்றிய 'சைட்டிஸ்' சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணியாக இருந்தால், 2024-ல் வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல், வனத்துறை அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்தாக வேண்டும். எந்த இனமானாலும் ராமநாதபுரம் வனத்துறை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள். டோக்கே என்கிற பெரிய காட்டுப் பல்லி லட்சக்கணக்கில் விலை போகும் என்று வாட்ஸப்பில் வருகிறதே, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதீர்கள்.

கடையில் முதலில் வாலைப் பாருங்கள். அது கொழுப்பைச் சேர்த்துவைக்கிற இடம். கழுத்தளவு தடிமனாக இருக்க வேண்டும், பென்சில் போல் ஒல்லியாக இருந்தால் வேண்டாம். கண் இரண்டும் நன்றாகத் திறந்திருக்கிறதா, ஒவ்வொரு காலிலும் ஐந்து விரலும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். கடைக்காரரை ஒரு பூச்சி போடச் சொல்லி, அது தின்பதையும் பார்த்துவிடுங்கள். இரண்டு ஆண்களை ஒரே தொட்டியில் விட்டால் கடித்துக் குதறிக்கொள்ளும். ஒன்றே போதும்.

இனிதான் முக்கியமான விஷயம். வெளிநாட்டு வீடியோ எதைப் பார்த்தாலும் தொட்டியை எப்படிச் சூடாக்குவது என்றுதான் பாடம் நடத்துவார்கள். பல்லியின் உடம்புக்குச் சொந்தச் சூடு கிடையாது. தின்றது செரிக்க, தரையில் ஒரு பக்கம் 31, 32 டிகிரி வேண்டும். உடம்பு ஆறிக்கொள்ள மறுபக்கம் 25 டிகிரி போல இருக்க வேண்டும். அவர்கள் ஊர்க் குளிருக்கு ஹீட் மேட் என்கிற, கரண்டில் சூடாகும் விரிப்பை வாங்குகிறார்கள். நமக்கோ கத்திரி வெயிலில் அறையே 33, 34 டிகிரியில் நிற்கிறது. சூடான பக்கம் இலவசமாகக் கிடைத்துவிடும். குளிர்ந்த பக்கத்துக்கு எங்கே போவது? ஓட்டு வீடு, தகர ஷீட் வீடு என்றால் மத்தியானம் தொட்டி அடுப்பாகிவிடும். 38, 40 டிகிரியில் தப்பிக்க வழியில்லாமல் மாட்டிக்கொண்டால் பல்லி பிழைக்காது.

உடனே நமக்குத் தோன்றுவது ஈரச் சாக்கைத் தொங்கவிடுவது. அங்கேதான் சிக்கல். இது வறண்ட நிலத்துப் பிராணி. தொட்டிக்குள் ஈரப்பதம் 30, 40 சதவீதம் இருந்தால் அதற்குச் சுகம். நம் கடற்கரைக் காற்றில் சாதாரணமாகவே 70 சதவீதத்துக்கு மேல் ஈரம். அதற்கு மேலும் ஈரத்தை ஏற்றினால் மூக்கில் சளி கட்டி, வாயைத் திறந்து மூச்சு வாங்கும். நிமோனியா வரை போய்விடும்.

அதனால் தொட்டியை உள் அறையில், வெயில் படாத மூலையில், தரைமட்டத்தில் வையுங்கள். மேல் மூடி முழுக்க வலையாக இருக்கட்டும். இரும்பு வலை வேண்டாம், உப்புக்காற்றில் ஒரு மழைக்காலம் தாங்காது. ஸ்டீலோ அலுமினியமோ போடுங்கள். ஃபேன் காற்று அறையில் ஓட வேண்டும், தொட்டிக்குள் நேராக அடிக்கக் கூடாது. கரண்ட் போனால் ஃப்ரீசரில் உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றித் தொட்டிக்கு வெளியே ஒரு பக்கமாக ஒட்டி வையுங்கள். உள்ளே இரண்டு மூலையிலும் தெர்மாமீட்டர் இருக்கட்டும். ஹீட் மேட் வாடை மாதங்களுக்குத்தான், அதுவும் சூட்டை அளவோடு நிறுத்துகிற தெர்மோஸ்டாட்டோடு.

உப்பும் கிளிஞ்சலும் கிடக்கிற கடற்கரை மணலை அள்ளித் தொட்டியில் கொட்டாதீர்கள். பூச்சியோடு சேர்த்து விழுங்கினால் குடலில் அடைத்துக்கொள்ளும். மிச்சமான தரை டைல்ஸ் போதும். எறும்பு வந்தால் பல்லியைக் கடித்துத் துளைத்துவிடும். தொட்டியின் நாலு மூலைக்கும் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, கிண்ணத்தின் நடுவில் செங்கல் போட்டு அதன்மேல் தொட்டியை ஏற்றுங்கள்.

சாப்பாடு உயிருள்ள பூச்சி மட்டுந்தான். கீரை, பழம், சோறு எதுவும் ஆகாது. கிரிக்கெட் பூச்சியை, அதாவது சுவர்க்கோழியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, வைட்டமின் டி3 கலந்த கால்சியம் பொடியைச் சிட்டிகை போட்டுக் குலுக்கிக் கொடுங்கள். பொடி விட்டுப்போனால் தாடை ரப்பர் போலாகி, கால் வளைந்துவிடும். என்னிடம் வருகிற கேஸில் பாதி இதுதான். அடுக்களைக் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள், அது எந்த மருந்தைத் தின்றதோ.

தோல் உரிக்கும்போது உடம்பு வெளுத்து மங்கும். அந்த நாட்களில் மட்டும் ஈரப் பஞ்சு வைத்த சின்ன டப்பா ஒன்று உள்ளே வேண்டும். அது இல்லாவிட்டால் விரல் நுனியில் பழைய தோல் மோதிரம் மாதிரி இறுகி, ரத்தம் ஓடாமல் விரலே உதிரும். பார்த்தால் பிய்த்து இழுக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாதம் நனையும் அளவுக்குப் பத்து நிமிஷம் நிற்க வைத்து, நனைந்த காது பஞ்சுக் குச்சியால் விரல் நுனியை நோக்கி மெதுவாக உருட்டினால் கழன்று வரும். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், சால்மொனெல்லா கிருமி அதன் எச்சத்தில் இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை கையில் கொடுக்கவே வேண்டாம்.

பல்லிக்கு வைத்தியம் பார்ப்பவர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார். நமக்குப் பக்கம் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். காற்றுத்துளை போட்ட டப்பாவில் துணி விரித்து, விடியற்காலைப் பஸ்ஸில் ஏறுங்கள். டப்பாவை என்ஜின் பக்கமும் வைக்காதீர்கள், வெயில் விழும் ஜன்னல் ஓரமும் வைக்காதீர்கள், மடியில் வைத்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.