தோற்ற ஓட்டுக்கும் நாற்காலி வேண்டும்

நடுவர் அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, முனிர்க்காவிலிருந்தும் மயூர் விஹாரிலிருந்தும் ஜனக்புரியிலிருந்தும் மெட்ரோ மாறி மாறி இந்த ஆர்.கே.புரம் அரங்குக்கு வந்திருக்கும் தில்லித் தமிழ் உறவுகளே, வணக்கம்.

‘வாக்காளருக்கு நியாயம் செய்வது, தொகுதிக்கு ஒருவர் என்னும் நம் தேர்தல் முறையா, வாக்குக்கு ஏற்ற இடம் என்னும் விகிதாசார முறையா?’ இதுதான் நடுவர் கொடுத்த தலைப்பு. விகிதாசார முறைதான் என்று பேச வந்திருக்கிறேன். வெளிநாடுகளுக்குப் போவதற்கு முன்னால் நாம் குடியிருக்கும் ஊரைப் பார்த்துவிடுவோம்.

2025 பிப்ரவரியில் தில்லி சட்டமன்றத்துக்கு ஓட்டுப் போட்டோம். பா.ஜ.க.வுக்கு 45.6 சதவீதம், ஆம் ஆத்மிக்கு 43.6 சதவீதம். இரண்டு சதவீதம்தான் இடைவெளி. இடங்களோ 48-க்கு 22. சரி, ஒரு கட்சிக்காகக் கண்ணீர் விடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2015-ல் இதே தில்லியில் பா.ஜ.க.வுக்கு 32 சதவீத ஓட்டு கிடைத்தது. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர் அந்தக் கட்சிக்குப் போட்டிருக்கிறார். கிடைத்தது 70-ல் 3 இடம். அன்று அவர்களுக்கு நடந்ததும் அநியாயம், பத்து வருடம் கழித்து இவர்களுக்கு நடந்ததும் அநியாயம்.

எதிரணித் தலைவர் அழகாகப் பேசினார். “ஓட்டப்பந்தயத்தில் ஒரு நொடி முந்தினாலும் தங்கம் அவனுக்குத்தானே?” என்று கேட்டார், கைத்தட்டும் வாங்கினார். ஐயா, பந்தயம் முடிந்ததும் தோற்றவன் வீட்டுக்குப் போய்விடலாம். தோற்ற கட்சிக்கு ஓட்டுப் போட்ட மக்கள் எங்கே போவார்கள்? அவர்களும் அதே வரியைக் கட்டுகிறார்கள், அதே சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார்கள். அவர்கள் சார்பில் எழுந்து நின்று கேள்வி கேட்க அவையில் ஆள் வேண்டாமா?

தமிழ்நாட்டைப் பாருங்கள். 1991 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 22 சதவீத ஓட்டு வாங்கியது, 234-ல் 2 இடம். 1996-ல் அ.தி.மு.க. 21 சதவீதம் வாங்கியது, 4 இடம். 2014 மக்களவைத் தேர்தலில் தி.மு.க.வுக்கு ஒரு இடம்கூட இல்லை. 2024-ல் அ.தி.மு.க.வுக்கு 20 சதவீத ஓட்டு இருந்தும் ஒரு இடம்கூட இல்லை. “இன்னைக்கு நீ, நாளைக்கு நான், கணக்கு சரியாப் போச்சு” என்று கட்சிக்காரர்கள் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். வாக்காளருக்கு அது சமாதானம் ஆகாது. ஒவ்வொரு முறையும் லட்சக்கணக்கானவர்கள் ஐந்து வருடத்துக்குக் குரல் இல்லாமல் இருந்தார்கள்.

இப்போது கடலைத் தாண்டி இலங்கைக்கு வாருங்கள். இந்தத் தலைப்புக்கு அதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தெரியாது.

அங்கேயும் நம்மைப் போலவே தொகுதி முறைதான் இருந்தது. 1970 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி ஏறக்குறைய 38 சதவீத வாக்கு வாங்கியது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி அதைவிட ஒரு சதவீதம் குறைவு. ஆனால் அதிக வாக்கு வாங்கிய கட்சிக்கு 17 இடம், குறைவாக வாங்கியதற்கு 91 இடம்! சுதந்திரக் கட்சியும் இடதுசாரிகளும் சேர்ந்த கூட்டணி மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பிடித்து, 1972-ல் புது அரசியலமைப்பை எழுதியது. சிறுபான்மையினருக்குப் பழைய அரசியலமைப்பில் இருந்த பாதுகாப்புப் பிரிவு அதில் காணாமல் போனது.

அப்புறம் 1977. ஊசல் அந்தப் பக்கம் போனது. ஐக்கிய தேசியக் கட்சிக்கு 51 சதவீத வாக்கு, 168-ல் 140 இடம். பாதி வாக்குக்கு ஆறில் ஐந்து பங்கு நாடாளுமன்றம். 30 சதவீதத்துக்குப் பக்கத்தில் வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு 8 இடம். தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 இடம் கிடைத்து, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அந்த ஆறில் ஐந்து பங்கை வைத்துக்கொண்டு ஆளுங்கட்சி என்ன செய்தது? மறுபடியும் அரசியலமைப்பை மாற்றியது. 1982-ல் பொதுத்தேர்தல் நடத்தாமல், ஒரு கருத்தறி வாக்கெடுப்பை நடத்தி, அதே நாடாளுமன்றத்தின் ஆயுளை ஆறு வருடம் நீட்டித்தது. 1983-ல் ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டோம் என்று அந்தத் திருத்தம் கேட்ட உறுதிமொழியை எடுக்காததால் அந்தத் தமிழ் உறுப்பினர்கள் தங்கள் இடங்களை இழந்தார்கள். பாதிப் பேர் போட்ட வாக்கை வைத்து மீதிப் பாதியின் வாயை அடைக்க முடிந்தது என்றால், அந்தக் கணக்கிலேயே கோளாறு இருக்கிறது.

1989 முதல் அங்கே விகிதாசார முறையில் தேர்தல் நடக்கிறது. 225 பேரில் 196 பேர் மாவட்டவாரியாக, 29 பேர் நாடு முழுவதும் வாங்கிய வாக்குக்கு ஏற்பக் கட்சிகள் அனுப்பும் தேசியப்பட்டியலில். இதனால் இனச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். போர் அதற்குப் பிறகும் இருபது வருடம் நடந்தது, அந்தக் காயம் இன்னும் ஆறவில்லை. ஆனால் பாதி ஓட்டை வைத்து ஆறில் ஐந்து பங்கு இடத்தை அள்ளுவது அதற்குப் பிறகு நடக்கவில்லை. இன்னொன்றும் நடந்தது. 2020-ல் தேசிய மக்கள் சக்தி என்ற அணி நான்கு சதவீதத்துக்கும் குறைவாக வாங்கி 3 இடத்தோடு உள்ளே வந்தது. நம் ஊர் முறையாக இருந்தால் அந்த மூன்றும் கிடைத்திருக்காது. அந்த மூன்று பேர் அவைக்குள் பேசினார்கள், நாடு கேட்டது. 2024-ல் அதே அணி 61 சதவீத வாக்கோடு 159 இடம் பிடித்தது. யாழ்ப்பாணத்திலேயே 6-ல் 3.

எனக்கு முன்னால் பேசிய அக்கா, “விகிதாசாரம் வந்தால் நிலையான ஆட்சியே வராது” என்றார். அந்த 159-ஐ அவருக்கு முதல் பதிலாகத் தருகிறேன். அவர் இஸ்ரேலைக் காட்டினார். 2019 ஏப்ரலிலிருந்து 2022 நவம்பருக்குள் அங்கே ஐந்து தேர்தல் நடந்தது உண்மைதான். ஆனால் அங்கே நாடு முழுவதும் ஒரே தொகுதி, 3.25 சதவீதம் வாங்கினாலே உள்ளே வந்துவிடலாம். அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே 5 சதவீதத் தடை இருக்கிறது. அடுத்த தலைவரை அவையே தேர்ந்தெடுத்தால்தான் இருக்கிற தலைவரை நம்பிக்கையில்லாத் தீர்மானத்தால் இறக்க முடியும். வெறுமனே கவிழ்க்க முடியாது. 1982-ல் ஆட்சித் தலைவர் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தது அப்படித்தான். 1949-லிருந்து இன்றுவரை அங்கே பத்துப் பேர்தான் ஆட்சித் தலைவராக இருந்திருக்கிறார்கள். தொகுதி முறையின் தாய்வீடான பிரிட்டனில் 2016-க்கும் 2024-க்கும் இடையில் மட்டும் ஐந்து முறை பிரதமர் மாறினார். நம் ஊரில் 1996, 1998, 1999 என்று மூன்று தேர்தலும், ஒரே ஒரு ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்ததும் எந்த முறையில்?

அதே பிரிட்டனில் 2024-ல் தொழிற்கட்சி 34 சதவீதத்துக்கு 411 இடம் வாங்கியது. ரிஃபார்ம் கட்சி 14 சதவீதத்துக்கு 5 இடம். அந்தக் கட்சியின் கொள்கை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. ஆனாலும் அதற்கு வாக்களித்தவர்களை எண்ணாமல் விட எனக்கு என்ன உரிமை?

எதிரணியின் வாதங்களில் எனக்குக் கனமாகப் பட்டது ஒன்றுதான். “தண்ணீர் டேங்கர் வரவில்லை என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? கட்சிப் பட்டியலில் வந்தவருக்கு எந்தத் தெரு சொந்தம்?” நியாயமான கேள்வி. இதே கேள்வியை நியூசிலாந்துக்காரர்களும் கேட்டுக்கொண்டார்கள். 1978-லும் 1981-லும் அங்கே குறைவான வாக்கு வாங்கிய கட்சி ஆட்சி அமைத்தது. 1981-ல் சோஷியல் கிரெடிட் என்ற கட்சிக்கு 20 சதவீத வாக்கு, இரண்டே இடம். மக்கள் பொறுக்கவில்லை. 1993-ல் வாக்கெடுப்பு நடத்தி முறையையே மாற்றினார்கள். அங்கே வாக்காளருக்கு இப்போது இரண்டு ஓட்டு. ஒன்று தொகுதி உறுப்பினருக்கு, ஒன்று கட்சிக்கு. எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் தொகுதியிலிருந்து வருகிறார்கள். மொத்தக் கணக்கு கட்சி ஓட்டுக்குப் பொருந்தும்படி பட்டியலிலிருந்து மற்றவர்கள் வருகிறார்கள். கதவைத் தட்ட ஆளும் உண்டு, ஓட்டுக்குக் கணக்கும் உண்டு. 2011-ல் “வேறு முறைக்குப் போகலாமா?” என்று கேட்டபோது, “வேண்டாம், இதுவே இருக்கட்டும்” என்று பாதிக்கு மேற்பட்டவர்கள் சொன்னார்கள்.

பட்டியல் என்றால் கட்சித் தலைமை வைத்ததுதான் சட்டம் என்றும் பயமுறுத்தினார்கள். இலங்கையில் மாவட்டப் பட்டியலில் யார் முந்துவது என்பதை விருப்பு வாக்கு மூலம் வாக்காளரே முடிவு செய்கிறார். கட்சிக்கு ஒன்று போட்டு, பிடித்த மூன்று வேட்பாளர்கள் வரை குறிக்கலாம். கிளிநொச்சி விவசாயியும் அட்டன் தோட்டத் தொழிலாளியும் அதைச் செய்கிறார்கள்.

அதனால்தான் அம்பேத்கர் சொன்ன காரணத்தை இன்றைக்கு அப்படியே எடுத்துவைக்காதீர்கள் என்கிறேன். 1949 ஜனவரியில் அரசியல் நிர்ணய சபையில் அவர் விகிதாசாரத்தை மறுத்தபோது, எழுத்தறிவு போதாது என்பதையும் நிலையான அரசு வேண்டும் என்பதையும் காரணமாகச் சொன்னார். பிறந்துகொண்டிருந்த நாட்டுக்கு அது பொறுப்பான பேச்சு. இன்றைய வாக்காளர் வேறு. பக்கத்து நேபாளத்தின் மலைக்கிராமங்களில் தொகுதிக்கு ஒரு சீட்டு, கட்சிக்கு ஒரு சீட்டு என்று இரண்டு சீட்டில் வாக்களிக்கிறார்கள். நம் மாநிலங்களவைத் தேர்தலே விகிதாசார முறையில்தான் நடக்க வேண்டும் என்று நம் அரசியலமைப்பு சொல்கிறது. எம்.எல்.ஏ.க்களுக்குப் பொருந்துவது அவர்களைத் தேர்ந்தெடுத்த நமக்கு ஏன் பொருந்தாது?

இந்த அரங்கில் இருக்கும் நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். தில்லித் தமிழர் ஏழு மக்களவைத் தொகுதியிலும் சிதறி இருக்கிறோம். ஒரு தொகுதியிலும் வெற்றியை முடிவு செய்யும் எண்ணிக்கையில் நாம் இல்லை. தமிழருக்கென்று கட்சி கேட்கவில்லை. சாக்கடைக்குள் இறங்கும் தொழிலாளி, மாற்றுத்திறனாளி, ஊர் விட்டு ஊர் வந்து கட்டட வேலை செய்பவர், இவர்கள் எல்லோரும் ஊரெல்லாம் இருக்கிறார்கள், எந்தத் தொகுதியிலும் பெரும்பான்மையாக இல்லை. முனிர்க்கா ஓட்டும் திரிலோக்புரி ஓட்டும் கூட்டப்படும் முறையில்தான் இவர்களைத் தேடி ஒரு கட்சி வரும்.

இது நடக்கக்கூடியதுதானா என்றால், 1999-லேயே சட்ட ஆணையம் தன் 170-ஆவது அறிக்கையில் வழி சொல்லியிருக்கிறது. இருக்கிற தொகுதிகள் அப்படியே இருக்கட்டும், கூடுதலாகச் சில இடங்களை உண்டாக்கிக் கட்சிப் பட்டியல் வழியாக நிரப்பலாம் என்றது. இன்று மக்களவையில் 543 இடம். இங்கிருந்து சில கிலோமீட்டரில் நிற்கும் புதிய நாடாளுமன்றக் கட்டடத்தின் மக்களவை மண்டபத்தில் 888 இருக்கைகள். இடங்கள் கூடும் என்று நாடே பேசுகிறது. எந்த மாநிலத்துக்கு எத்தனை என்ற சண்டையும் சூடாக இருக்கிறது. எத்தனை கூடினாலும், கூடுகிற அந்த இடங்களையாவது மாநிலவாரியாகக் கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதப்படி நிரப்ப வேண்டும், நடுவர் அவர்கள் அதற்கே தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். வணக்கம்.