ஐஎஸ்ஓ 200லயும் போட்டோ ஏன் மணல் மணலா வருது? பனியில கமரா சென்சர் செய்ற வேலை

வணக்கம் மக்களே. காலையில ஆறரை மணி, நானுஓயாப் பக்கம் தேயிலை மலைக்கு மேல நிக்கிறேன். எதிர் மலை இருக்கிற இடமே தெரியல, அவ்வளவு பனி. கமராவில ஐஎஸ்ஓ, அதாவது சென்சர் சிக்னலைப் பெருக்கிக் காட்டுற அளவு, வெறும் 200தான். ஆனா இந்தப் படத்தைக் கம்ப்யூட்டர்ல போட்டு பனி மங்கலை நீக்குற டீஹேஸ் ஸ்லைடரை இழுத்தா, இதோ திரையில பாருங்க, வானம் முழுக்க மணல் தூவின மாதிரி இருக்கு. ஐஎஸ்ஓ குறைவாத்தானே வச்சோம், இந்த மணல், அதாவது நொய்ஸ், எங்கிருந்து வந்துச்சு?

வெளிச்சத்துல இருந்தே வந்துச்சு. ஒளி துகள் துகளாத்தான் சென்சர்ல விழுது, அந்தத் துகளுக்குப் பேர் ஃபோட்டான். லயத்துத் தகரத்துல தூறல் விழ ஆரம்பிக்கிறதை நினைச்சுக்குங்க. ஒரு தகரத்துல பத்துத் துளி, பக்கத்துத் தகரத்துல பதினாலு துளி. அடைமழைன்னா அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கணக்கும் அப்படித்தான், விழுற ஃபோட்டான் எண்ணிக்கையோட வர்க்கமூலம்தான் நொய்ஸ். 100 விழுந்தா நொய்ஸ் 10, பத்துல ஒரு பங்கு. 10,000 விழுந்தா நொய்ஸ் 100, நூறுல ஒரு பங்குதான்.

பனியில ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டுல இருந்து வெளிச்சம் வரைக்கும் எவ்வளவு இருக்குன்னு காட்டுற வரைபடம், நடுவுல ஒரு சின்னக் குவியலா ஒடுங்கி நிக்கும். டீஹேஸ் அதை ரெண்டு பக்கமும் இழுக்குது. மரத்துக்கும் பனிக்கும் உள்ள வித்தியாசம் மூணு மடங்கு கூடினா, நொய்ஸும் கூடவே மூணு மடங்கு கூடும். போதாததுக்கு கமராவுக்குள்ள வெளிச்சம் அளக்கிற மீட்டர் வெள்ளைப் பனியைச் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால படம் இருட்டா விழும். எக்ஸ்போஷரை +1ல இருந்து +1.7 ஸ்டொப் வரைக்கும் ஏத்துங்க, ஒரு ஸ்டொப்னா வெளிச்சம் ரெண்டு மடங்கு. குவியல் வலது சுவரைத் தொடாம இருந்தாப் போதும். ஆனா ஷட்டரை மெதுவாக்கி ஏத்தணும், இல்லாட்டி அப்பர்ச்சரைத் திறந்து ஏத்தணும். ஐஎஸ்ஓவைக் கூட்டி ஏத்தினா ஒரு ஃபோட்டான்கூடக் கூடுதலா விழாது, ஹிஸ்டோகிராம் மட்டும் அழகா இருக்கும்.

இனி சென்சருக்கு வருவோம். ஃபுல் ஃப்ரேம் 36 × 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. அதைவிடச் சின்ன சென்சரான ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 23.5 × 15.6, அது 367. ஒரே அப்பர்ச்சர், ஒரே ஷட்டர்னா பெரிய தகரத்துல ஏறக்குறைய 2.35 மடங்கு மழை விழுது. ஒரு ஸ்டொப்புக்குக் கொஞ்சம் மேல, அவ்வளவுதான். மெகாபிக்சல் கூடினா நொய்ஸ் கூடும்னு இன்னும் சொல்றாங்க, அது பாதி உண்மைதான். ஃபுல் ஃப்ரேம்ல 24 மெகாபிக்சல்னா ஒரு பிக்சல் 6 மைக்ரோன், 61 மெகாபிக்சல்னா 3.8 மைக்ரோன். நூறு வீதம் பெரிசாக்கிப் பார்த்தா 61தான் மோசமாத் தெரியும். ரெண்டையும் ஒரே அளவுல பிரிண்ட் போட்டா கிட்டத்தட்ட ஒண்ணுதான். ரொம்ப இருட்டான நிழல்ல மட்டும் சின்னப் பிக்சல் கொஞ்சம் தோக்கும், ஏன்னா ஒவ்வொரு பிக்சலையும் படிக்கும்போது கொஞ்சம் நொய்ஸ் சேருது.

அந்தப் படிக்கிற நொய்ஸ்லதான் சென்சர் டிசைனோட கெட்டித்தனம் இருக்கு. தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துல ரயில் வருது, பின்னால வெளுத்த வானம், வளைவுக்குள்ள இருட்டு. சோனி ஏ7 3 மாதிரி கமராவில குறைந்த ஐஎஸ்ஓவில பிக்சலுக்குள்ள கூடுதல் கொள்ளளவு இருக்கும், வானத்துப் பிரகாசம் வழியாம தாங்குறதுக்காக. ஐஎஸ்ஓ 640ல அது கழண்டுடும். அப்ப, ஃபோட்டான் விழுந்து பிக்சல்ல சேர்ற ஒரு எலக்ட்ரோனுக்குக் கிடைக்கிற வோல்டேஜ் கூடுது, பின்னால சேர்ற நொய்ஸ் அதுக்கு முன்னால சின்னதாயிடுது. அதனால ஒரே ஷட்டர், ஒரே அப்பர்ச்சர்ல 500ஐ விட 640ல நிழல் சுத்தமா இருக்கும். ரயிலுக்கு 1/500 வேணும், வெளிச்சம் போதலன்னா 400, 500ல நிக்காம 640க்குத் தாவுங்க. மத்தக் கமராவில இந்த எண் வேற.

பிஎஸ்ஐ சென்சர்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. வயரிங்கை ஒளி விழுற பக்கத்துல இருந்து பின்பக்கம் தள்ளினதுதான் அது. போன்ல இருக்கிற குட்டிப் பிக்சலுக்குப் பெரிய லாபம். ஃபுல் ஃப்ரேம்ல, உண்மையைச் சொன்னா, அதுக்காக மட்டும் கமரா மாத்த வேணாம்.

இரவுல நட்சத்திரம் எடுக்கிறவங்களுக்கு நம்ம குளிரே ஒரு வசதி. வெளிச்சமே இல்லாட்டியும் சூட்டால சென்சர்ல எலக்ட்ரோன் ஊறும். ஏறக்குறைய 6 - 8 பாகைக்கு ஒரு தடவை அது இரட்டிக்கும். கொழும்புல இரவு 26 பாகை, நுவரெலியாவில 11னா, ஊறுறது நாலுல ஒரு பங்குதான். ஆனா காட்சியைத் திரையில நேரடியாக் காட்டுற லைவ் வியூவை விடாம ஓட விட்டா சென்சர் தானே சூடாகிடும், அந்த லாபம் போயிடும். லோங் எக்ஸ்போஷர் நொய்ஸ் ரிடக்ஷன் போட்டா 30 செக்கன் படத்துக்கு இன்னொரு 30 செக்கன் ஷட்டரை மூடி வச்சு எடுத்துக் கழிக்கும். நட்சத்திரம் நகர்றதைக் கோடாப் பிடிக்கிற ஸ்டார் ட்ரெய்ல்ல அதைப் போட்டா கோடு விட்டு விட்டு வரும். அதை நிறுத்திட்டு, கடைசியில அதே குளிர்ல லென்ஸ் மூடியைப் போட்டு, அதே ஐஎஸ்ஓ, அதே ஷட்டர்ல பத்துப் படம் எடுத்து வச்சுக்குங்க, கம்ப்யூட்டர்ல கழிச்சுக்கலாம்.

பெக்டரிக்குள்ள டியூப்லைட்டுக்குக் கீழ எடுக்கிற படத்துல பட்டை பட்டையா வந்தா அது நொய்ஸ் இல்ல. நம்ம கரண்ட் 50 ஹேர்ட்ஸ், லைட் செக்கனுக்கு நூறு தடவை மினுங்குது. சத்தமில்லாத சைலண்ட் (எலக்ட்ரோனிக்) ஷட்டரை விட்டுட்டு மெக்கானிக்கலுக்கு வாங்க, 1/50 இல்லாட்டி 1/100 வைங்க.

பழைய கமரா வாங்கப் போறவங்க கடையிலயே ஒரு சோதனை செய்யலாம். லென்ஸ் மூடியைப் போடுங்க, ஐஎஸ்ஓ 100, 1/4000, ரோ ஃபைல் (சென்சர் தர்ற பச்சைத் தரவு). அதைக் கம்ப்யூட்டர்ல +5 ஸ்டொப் வரைக்கும் ஏத்திப் பாருங்க. சீரான மணல்னா நல்லது, குறுக்குக் கோடு தெரிஞ்சா நிழலை ஏத்தும்போதெல்லாம் அது வரும். அடுத்து மூடியோடயே ஐஎஸ்ஓ 1600, 30 செக்கன், நொய்ஸ் ரிடக்ஷனை நிறுத்திட்டு ரெண்டு படம். ரெண்டுலயும் ஒரே இடத்துல சிவப்பு, நீலப் புள்ளி நின்னா அது ஹொட் பிக்சல். நாலஞ்சு இருக்கிறது வழமை. நூத்துக்கணக்குல இருந்தா, மெனுவில அந்தப் புள்ளிகளை மறைக்கிற பிக்சல் மெப்பிங் இருக்கான்னு பார்த்து ஓட்டிட்டுத் திரும்ப எடுங்க. அப்பவும் நின்னா விலையைக் குறைச்சுக் கேளுங்க.